கட்டுரையில் அம்மம்மாவைக் காணவில்லை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பின அசைன்மென்டை முழுக்க வாசித்தேன். ‘வெளிநாடு சென்ற தாய்மாரின் பிள்ளைகள்’ என்ற தலைப்பைப் பார்த்ததும் அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. ஆனால் திருத்த வேண்டிய இடம் இருக்கிறது. போனில் சொன்னால் இடையில் மறித்துப் பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

தொடக்கம் முழுக்க ஜோன் போல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர்தான். 1951இல் உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு அவர் எழுதிய அறிக்கையை வைத்து, தாயின் அன்பு தொடர்ந்து கிடைக்காத பிள்ளையின் மனம் பாதிக்கப்படும் என்கிறாய். சரி. அவர் பேசியது எந்தப் பிள்ளைகளைப் பற்றி? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடிழந்தவர்கள், விடுதியிலும் ஆஸ்பத்திரியிலும் வளர்ந்தவர்கள். தாயும் இல்லை, தாய்க்குப் பதிலாக நிலையாக நின்றவரும் இல்லை. நீ அப்படியா வளர்ந்தாய்? நம்மட கிழக்கிலங்கைப் பக்கத்தில் பெண் பிள்ளைக்குத்தானே வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் இங்கே வருவார். அதனால் நம்மட ஊரான திருக்கோவிலில் அம்மம்மா, நான், சின்னம்மா எல்லாரும் ஒரே வேலிக்குள். நான் குவைத்துக்கு வேலைக்குப் போன இரவும் நீ படுத்தது அதே அம்மம்மாவுக்குப் பக்கத்தில், அதே பாயில்தான்.

நீ அனுப்பின குறிப்புகளில் தாயைப் பிரிந்த சிறு பிள்ளைகளைப் படமெடுத்து ஆராய்ந்த ஜேம்ஸ், ஜோய்ஸ் ரொபேட்சன் தம்பதியைப் பற்றி நிறைய இருக்கிறது. கட்டுரையில் ஒரு வரிதான். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அவர்கள் 1960களின் கடைசியில் எடுத்த படம் ஒன்றில் ஜோன் என்ற 17 மாதப் பிள்ளை வருகிறான். தாய் அடுத்த பிள்ளையைப் பெற ஆஸ்பத்திரிக்குப் போக, அவனை 9 நாள் ஒரு பராமரிப்பு விடுதியில் விடுகிறார்கள். தாதிமார் கெட்டவர்கள் இல்லை. மாறி மாறி வந்தார்கள், அவ்வளவுதான். அவன் ஒவ்வொருவரிடமும் ஒட்டப் பார்த்தான். அவனுக்கென்று ஒருவரும் நிற்கவில்லை. கடைசியில் சாப்பாட்டையும் விட்டு, ஒரு பெரிய கரடிப் பொம்மையோடு கிடந்தான். தாய் வந்தபோது அவளிடம் போக மறுத்து அழுதான். அதே வயதுள்ள ஜேனை ஜோய்ஸ் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். அவளும் தாயைத் தேடினாள்தான். ஆனால் ஜோனைப் போல உடைந்து போகவில்லை. தாய் போவது ஒன்று, அவள் விட்டுப்போன இடத்தில் ஒருவரும் நிற்காதது வேறொன்று. இந்த விஷயத்தில் அந்தத் தம்பதி போல்பியோடேயே முரண்பட்டார்கள்.

சில நாட்களையும் சில வருடங்களையும் ஒன்றாக வைக்கலாமா என்று நீ கேட்பாய். நியாயம்தான். அதற்காக அம்மம்மாவைக் கணக்கிலேயே எடுக்காமல் விடலாமா? 1954இல் மேரி எய்ன்ஸ்வேர்த் என்ற உளவியலாளர் உகண்டாவில் கம்பாலாவுக்குக் கிட்டிய கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பார்த்தபோது, அவை தாயோடு மட்டுமல்ல, தகப்பனோடும் பாட்டியோடும் அக்கா அண்ணன்மாரோடும் ஒட்டியிருந்ததைக் கண்டார். அவவுக்கு அது தெரிந்தது, திருக்கோவில் பிள்ளை உனக்குத் தெரியவில்லையா!

இன்னொன்று. எய்ன்ஸ்வேர்த் பிறகு அமெரிக்காவில் பால்டிமோரில் செய்த சோதனையில், தாய் அறையை விட்டுப் போகும்போது பிள்ளை எவ்வளவு அழுதது என்பதை விட, அவள் திரும்பி வரும்போது பிள்ளை என்ன செய்தது என்பதைத்தான் முக்கியமாகப் பார்த்தார்கள். உன் கட்டுரையில் தாய்மார் போவது மட்டும் இருக்கிறது. ஒருத்தியாவது திரும்பி வரவில்லை. நான் வந்த அன்று நீ அம்மம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றாய். கொண்டு வந்த சொக்லேட்டையும் அம்மம்மா வாங்கித் தந்தால்தான் எடுத்தாய். என்னிடம் வந்து படுக்க நிறைய நாள் எடுத்தது. அது லேசாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்று தாய்மாரிடமும், பிள்ளைகளிடமும், பார்த்துக்கொண்டவர்களிடமும் கேட்டு எழுது.

வெளிநாட்டு வேலைக்குப் போகிற பெண்களிடம் நம்மட அரசாங்கம் கேட்ட குடும்பப் பின்னணி அறிக்கையைப் பற்றி நீ எழுதியது நல்லாயிருக்கு. 2013இல் வந்த விதி, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போக முடியாது என்றது. 2022இல் அந்த வயதை 2 ஆகக் குறைத்தார்கள். ஆனால் கட்டாருக்குப் போகிற தகப்பனிடம் அந்த அறிக்கையை ஒருவரும் கேட்கவில்லையே, அதையும் ஒரு வரி சேர். சுனாமி வள்ளத்தையும் எஞ்சினையும் கொண்டு போன பிறகு நம்மட வீட்டில் யார் போவது என்று பேசியபோது, எனக்குத்தான் விசா சுறுக்காகக் கிடைத்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அம்மம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். காலையில் பேசினால்தான் தெளிவாகச் சொல்லுவா. விடுமுறைக்கு வந்து அவ சொல்வதைப் போனில் பதிந்துகொள். சமர்ப்பிக்கும் திகதியைத் தள்ளித் தருவார்களா என்று உன் விரிவுரையாளரிடம் இந்தக் கிழமையே கேள்.

அம்மா