பம்பருக்கு மேலே தொங்கும் அந்தப் பிளக்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வண்டியின் முன்பக்கக் கம்பிகளுக்கு நடுவிலிருந்து கருப்பாக மூன்று பின் பிளக் ஒன்று எட்டிப் பார்க்கிறது. "இது எதுக்கும்மா? வெட்டி எடுத்துடலாமா?" என்று கேட்டிருந்தாய். வெட்டிவிடாதே. அதுதான் கடுங்குளிரில் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கும் பிளாக் ஹீட்டரின் பிளக். நீ பிறப்பதற்கு முன்னால், இப்போது நீ இருப்பது போன்ற கடுங்குளிரில் 11 வருடம் வண்டி ஓட்டியவள் நான். அதனால் இந்த விஷயத்தில் மட்டும் நான் சொல்வதை முழுசாகக் கேள்.

எஞ்சினுக்குள் கூலன்ட், அதாவது எஞ்சினின் சூட்டைத் தணிக்கும் திரவம், ஓடும் வழியில் சின்னதாக ஒரு சூடாக்கும் கம்பி இருக்கும், தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலில் இருப்பது மாதிரி. பிளக் போட்டால் அது கூலன்டைச் சூடாக்கும். அந்தச் சூடு மெல்ல எஞ்சின் இரும்பு முழுக்கப் பரவும். கார்களில் பெரும்பாலும் 400 முதல் 1000 வாட் வரை இருக்கும். இதெல்லாம் வருவதற்கு முன்னால், குளிர்ப் பிரதேசத்து விமானிகள் இரவில் எஞ்சின் ஆயிலை வடித்து உள்ளே கொண்டுபோய், காலையில் அடுப்பருகே சூடாக்கித் திரும்ப ஊற்றுவார்களாம். அமெரிக்காவின் வட டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் 1949இல் மின்சார ஹீட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். நீ வெட்டப் பார்த்த பிளக்குக்குப் பின்னால் இவ்வளவு பேருடைய குளிர்கால அவஸ்தை இருக்கிறது.

"பிளக் போடாமலே ஸ்டார்ட் ஆகுதே" என்றும் எழுதியிருந்தாய். இன்றைக்கு ஸ்டார்ட் ஆகும். ஆனால் என் கவலை அதுவல்ல. மைனஸ் 25 டிகிரியில் ஆயில் தேன் மாதிரி கெட்டியாகிவிடும். போன வாரம் நீ போனில் பேசிக்கொண்டே சாவியைத் திருப்பினாயே, அப்போது எஞ்சின் முனகியது எனக்கு இங்கே வரை கேட்டது. அந்தக் கெட்டி ஆயிலைத் தள்ள முடியாமல் ஸ்டார்ட்டர் மோட்டார் திணறும் சத்தம் அது. அதே குளிரில் பேட்டரியின் பலமும் பாதிக்கு மேல் குறைந்துபோயிருக்கும். எப்படியோ ஸ்டார்ட் ஆனாலும், ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்வரை உள்ளே இரும்பும் இரும்பும் உரசும். எஞ்சின் அதிகம் தேய்வது அந்த முதல் நிமிடங்களில்தான். கூலன்ட் சூடாக இருந்தால் பெட்ரோலும் குறைவாகப் பிடிக்கும், கண்ணாடியில் படிந்த பனியும் சீக்கிரம் விலகும். உன் விரல்களுக்கும் நல்லது.

மைனஸ் 15க்குக் கீழே போனால் போட்டுவிடு. வானிலையில் "காற்றோடு சேர்த்து மைனஸ் 38" என்று போடுவார்கள், அதைப் பார்த்துப் பயப்படாதே. அந்தக் கணக்கு நம் தோலுக்குத்தான். காற்று அடித்தால் எஞ்சின் வேகமாக ஆறுமே தவிர, வெளியே இருக்கும் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே போகாது. அந்த உண்மை எண்ணைப் பார்.

இரவெல்லாம் போட்டு வைக்கத் தேவையில்லை. கிளம்புவதற்கு 3 மணி நேரம் முன்னால் போதும். 4 மணி நேரத்துக்கு மேல் போனால் ஹீட்டர் தரும் சூடும் வெளியே போகிற சூடும் சரிசமமாகி, கரண்ட்தான் வீணாகும். 400 வாட் ஹீட்டர் 3 மணி நேரத்துக்கு 1.2 யூனிட்தான் இழுக்கும், இரவு 12 மணி நேரம் விட்டால் 4.8 யூனிட். வெளியில் வைக்கத் தகுந்த டைமர் ஒன்று வாங்கிக்கொள். நீ 7 மணிக்குக் கிளம்பினால் 4 மணிக்கு அதுவே போட்டுக்கொள்ளும். டைமர் தாங்கும் வாட் எவ்வளவு என்று அதிலேயே எழுதியிருக்கும், பார்த்து வாங்கு.

இனி சொல்வதுதான் முக்கியம். எக்ஸ்டென்ஷன் ஒயர்.

முதல் குளிர்காலத்தில் வீட்டுக்குள் மேசை விளக்குக்கு வைத்திருந்த மெல்லிய ஒயரையே நானும் வெளியே இழுத்துப் போட்டேன். ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை. எட்டாவது நாள் காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு பிளக்கும் சேரும் இடம் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது, பனியில் கருப்பாக ஒரு வட்டம். அன்றைக்கு அது பனிமேல் கிடந்ததால் தப்பித்தேன். ஹீட்டர் மணிக்கணக்கில் நிறைய கரண்ட் இழுக்கும், மெல்லிய ஒயர் சூடாகும், பிளக் சரியாக இறுகாத இடம் அதைவிடச் சூடாகும். அதோடு சாதாரண ஒயரின் மேலுறை அந்தக் குளிரில் விறைத்து, வளைத்தால் வெடித்துவிடும். ஆகவே எர்த் பின்னோடு கூடிய, தடிமனான, வெளியில் போடத் தகுந்த, கடுங்குளிரிலும் வளைகிற ஒயர்தான் வேண்டும். எவ்வளவு நீளம் தேவையோ அவ்வளவுதான். சுருட்டி வைத்தபடி பிளக் போடாதே, கதவிடுக்கில் நசுங்கவும் விடாதே. ஈரம் பட்டால் தானே கரண்டை நிறுத்தும் வசதியுள்ள சாக்கெட்டாக இருக்க வேண்டும். முதலில் வண்டிப் பக்கம் மாட்டு, அப்புறம் சுவர்ப் பக்கம். எடுக்கும்போது சுவரில் முதலில் எடு. எடுத்ததும் பிளக்கின் பின்களைத் தொட்டுப் பார். இளஞ்சூடு பரவாயில்லை, கை பொறுக்காத சூடு என்றால் அந்த ஒயரைத் தூக்கி எறி. வண்டிப் பிளக்குக்கு ஒரு மூடியும் போட்டு வை. பனி உருகச் சாலையில் தூவும் உப்பு உள்ளே போனால் பின்கள் அரித்துவிடும்.

அப்பா ஒருநாள் பிளக்கை எடுக்காமலே வண்டியைக் கிளப்பி, சுவர் சாக்கெட்டையே பிடுங்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் ஒயரை டிரைவர் பக்கக் கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றி வைக்கப் பழகிக்கொண்டோம். கதவைத் திறக்கும்போது கையில் தட்டும், மறக்க முடியாது. நீயும் அப்படியே செய்.

கூலன்ட் அளவை எஞ்சின் ஆறியிருக்கும்போது பார். குறைந்துபோய் ஹீட்டர் கம்பி காற்றில் நின்றால் எரிந்துவிடும். வெறும் தண்ணீர் ஊற்றாதே, கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் கிட்டத்தட்ட மைனஸ் 37 வரை உறையாது. பேட்டரியை இந்த ஹீட்டர் சூடாக்காது. பேட்டரி பழசென்றால் மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்று. பிளக் போடச் சோம்பல் பட்டு, மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கலாம் என்று ஒருபோதும் நினைக்காதே. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். வண்டியை வெளியே எடுத்து, அரை நிமிடம் விட்டு, முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டு. எஞ்சின் அப்படித்தான் நன்றாகச் சூடாகும்.

உன் வண்டியில் ஹீட்டர் இன்னும் வேலை செய்கிறதா என்பதே நமக்குத் தெரியாது. நல்ல ஒயர் வாங்கியதும், ஒரு இரவு அக்கம்பக்கம் அமைதியாக இருக்கும்போது பிளக்கைப் போட்டுவிட்டு பானெட்டுக்குக் கிட்டே காதை வைத்துக் கேள். பெரும்பாலும் சில நிமிடத்தில், கெட்டில் கொதிக்கத் தொடங்கும் முன் வருமே, அப்படி மெல்லிய இரைச்சல் வரும். கேட்டதா இல்லையா என்று எனக்கு உடனே மெசேஜ் போடு, எந்த நேரமானாலும் சரி. கேட்கவில்லை என்றால் மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா