ஓட்டிக் காட்டிவிட்டுப் பணம் வாங்குங்கள்: டர்ன்டேபிள் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் உயர்தர டர்ன்டேபிள் (ரெக்கார்டுத் தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் கருவி) தருவித்து விற்கும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். எல்.பி. ரெக்கார்டு மோகம் திரும்பி வந்திருப்பதும், வாங்க வருகிறவர்களில் பலர் இதற்கு முன் ஒரு ஊசியைக்கூடக் கையால் தொட்டதில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்த கதை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் தங்கை கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் மாமனார் விட்டுச்சென்ற ரெக்கார்டுகள் வீட்டில் இருக்கின்றன. பெரும்பாலும் கல்கத்தா டம் டம்மில் அச்சான எச்.எம்.வி. தட்டுகள். சிலவற்றை இனி எங்கே தேடினாலும் கிடைக்காது. மலிவுக் கருவியில் போட்டால் தட்டு வீணாகிவிடும் என்று பயந்து, முதல் கருவியே நல்லதாக இருக்கட்டும் என்று சேமிப்பை உடைத்து மூன்று லட்சத்துக்கு மேல் கொடுத்து உங்களில் ஒருவரிடம் வாங்கினாள். வாங்குமுன் ஒரு பாட்டுக் கேட்கலாமா என்று கேட்டிருக்கிறாள். “டிஸ்ப்ளே பீஸ் மேடம், ஓட்டிக் காட்ட மாட்டோம்” என்று பதில் வந்திருக்கிறது. கருவி பார்சலில் வீடு வந்தது. கூடவே ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர்.

தட்டைப் போட்டால் பாடுகிற அம்மையாரின் குரல் ஆண்குரல்போல் கனத்து ஒலித்தது. தங்கை சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்தாள். 5 கட்டை சுருதியில் பாடிய கச்சேரி 3 கட்டையில் இறங்கி நின்றது. கடைக்குப் போன் செய்தாள். “ரெக்கார்டு ரொம்பப் பழசு மேடம், தேஞ்சிருக்கும், அதான் இழுக்குது” என்றார்கள். அதை அவள் நம்பிவிட்டாள். மாமனார் தட்டுகளைச் சரியாகப் பாதுகாக்கவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டு, பல மாதம் அந்தத் தட்டுகளைத் தொடவே இல்லை.

தேய்ந்த தட்டு கரகரக்கும். சுருதி இறங்காது. ரெக்கார்டு விற்பவருக்கும் கருவி விற்பவருக்கும் இது தெரியாமல் இருக்க முடியாது.

ஊருக்குப் போயிருந்தபோது நான் கருவியின் பின்பக்கத் தகட்டைப் பார்த்தேன். 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அமெரிக்காவுக்கென்று செய்த கருவி. மின்சாரத்தின் அதிர்வெண்ணை, அதாவது ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு சுற்றும் மோட்டார் அதற்குள் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. நம் 50 ஹெர்ட்ஸில் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 28 சுற்றுகூட முழுதாகச் சுற்றாது. 20 நிமிடப் பக்கம் 24 நிமிடம் ஓடும். சுருதி மூன்று அரைச்சுரம் கீழே போகும். மேல்நாட்டு இசைக் கணக்கில் ஜி-யில் பாடியது ஈ-யில் கேட்கும், அதாவது 5 கட்டை 3 கட்டையாகும். என் தங்கையின் காது துல்லியமாகச் சொன்னதை நீங்கள் தட்டின் தலையில் கட்டிவிட்டீர்கள்.

வேகம் பார்ப்பதற்கென்று 180 கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டை ஒன்றைத் தட்டின் மேல் வைத்து, சோக் வைத்த பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடவிட்டிருந்தால் போதும். வேகம் சரியென்றால் கோடுகள் அசையாமல் நிற்கும். கடையில் ஒரு நிமிட வேலை. அதனால்தான் கேட்கிறேன்: ஓட்டிக் காட்டுங்கள், அதன்பிறகு பணம் வாங்குங்கள்.

வேகத்தோடு இது முடியவில்லை. அந்தக் கருவியோடு மூவிங் காயில் வகைக் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் சிறு பாகம்) ஒன்றைத் தனிப் பெட்டியில் கொடுத்திருந்தார்கள். முதன்முதலாக வாங்கும் ஒருவர் மயிரிழை போன்ற நான்கு கம்பிகளை எந்த முனையில் எது என்று பார்த்துச் செருகி, அளவு அட்டை வைத்துக் கோணம் பிடித்து, கிராம் கணக்கில் அழுத்தம் வைக்க வேண்டுமாம். கோணம் கொஞ்சம் பிசகினாலும் தட்டின் உட்பக்கத்தில், கடைசிப் பாட்டில்தான் அது காட்டிக்கொடுக்கும். தட்டுக்கு நல்லது என்று அழுத்தத்தைக் குறைத்து வைத்தால் ஊசி பள்ளத்துக்குள் துள்ளி, பள்ளத்தின் சுவரையே சேதப்படுத்தும். மூவிங் மேக்னட் என்ற இன்னொரு வகைக் கார்ட்ரிட்ஜில் ஊசி தேய்ந்தால் பெரும்பாலும் அதைக் கையாலேயே கழற்றி மாற்றலாம். மூவிங் காயிலில் பெரும்பாலும் கார்ட்ரிட்ஜையே பழுதுபார்க்க அனுப்ப வேண்டும், இல்லையேல் புதிது வாங்க வேண்டும். அது தரும் மின்னழுத்தமும் மிகக் குறைவு, பெரும்பாலும் அரை மில்லிவோல்ட் அளவுதான் வரும். அதைப் பெருக்கிக் கொடுக்கும் போனோ ஸ்டேஜ் என்ற துணைக்கருவிக்குத் தனிச் செலவு. இவற்றில் ஒன்றையாவது அவளிடம் விற்கும்போது சொன்னீர்களா?

விலை கூடினால் கருவி தானாகச் சரியாகிவிடாது, கூடுதல் கவனம் கேட்கும். லின் சோண்டெக் எல்.பி.12 போன்ற கருவியை 1970களிலிருந்தே விற்பவர்தான் தம் கையால் சரிசெய்து கொடுத்துவருகிறார். கருவியோடு வரும் வழக்கம் அது. நீங்கள் விலையை மட்டும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, வழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டீர்கள். வீட்டு மின்சாரத்தின் ஹெர்ட்ஸைச் சாராமல் குவார்ட்ஸ் படிகத்தால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 வகை இருக்கிறது. எளிமையான ரேகா வகை இருக்கிறது. புதிதாக வருபவரிடம் இவற்றைப் பற்றியும் பேசலாமே. ஆனால் உங்கள் கடைகளில் பேச்சு கேபிளுக்குப் போய்விடுகிறது. ஸ்பீக்கர் கம்பிக்கு ஆயிரக்கணக்கில் வாங்கத் தெரிந்தவர்களுக்கு, வேகத்தைச் சரிசெய்ய மோட்டாரில் மாட்டும் 50 ஹெர்ட்ஸ் புல்லி (சிறு சக்கரம்) ஒன்றை இருப்பில் வைக்கத் தெரியவில்லை. பழுது பார்க்க ஆள் இல்லை. உதிரிப் பாகம் கேட்டால் “ஆர்டர் போட்டுச் சொல்றோம்” என்ற ஒரே பதில். ரெக்கார்டு கேட்கும் ஆசையோடு வந்தவர்களை, பணக்காரர்களின் பொம்மைக் கடைக்குள் வழி தவறி வந்தவர்களாக நடத்துகிறீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் தூரம் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் இந்தத் தொழில் நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறவன் நான். நீங்கள் இல்லாவிட்டால் நல்ல ஊசிக்கு எங்கே போவது?

ஆகவே பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். 50 ஹெர்ட்ஸுக்கு ஒத்துவராத கருவியை, மாற்றிக் கொடுக்காமல் விற்காதீர்கள். கார்ட்ரிட்ஜைக் கடையில் நீங்களே பொருத்துங்கள், முடிந்தால் வீட்டுக்கு வந்து வைத்துக் கொடுங்கள். போனோ ஸ்டேஜும் அடுத்த ஊசியும் சேர்ந்த மொத்தச் செலவை முதலிலேயே எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் தட்டைப் போட்டு, ஓட்டிக் காட்டிவிட்டுப் பணம் வாங்குங்கள்.

என் தங்கைக்கு விற்றவர் இதைப் படித்தால், தம்மை அடையாளம் கண்டுகொள்வார். அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அந்த 50 ஹெர்ட்ஸ் புல்லியைத் தருவித்து, ஒருமுறை அவள் வீட்டுக்கு ஆள் அனுப்பி, சுருதிப் பெட்டியோடு சரிபார்த்துக் கொடுக்கட்டும். தட்டுகளில் தவறில்லை என்பதையும் அவளிடம் அவர் வாயாலேயே சொல்லட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
ஒரு வாடிக்கையாளரின் அண்ணன்