சிசிலியில் ஐந்து இரவு பன்னீர் பட்டர் மசாலா

அனுப்புநர்:
ஏப்ரல் சிசிலிக் குழுவில் 11, 12ஆம் இருக்கைக்காரர்கள்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: சிசிலி சுற்றுலாவில் ஒப்புக்கொண்டதைச் செய்யாதது, பணம் திருப்பிக் கேட்பது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கடந்த ஏப்ரலில் நீங்கள் நடத்திய எட்டு நாள் ‘பண்பாடும் சமையலும்’ என்ற, இத்தாலியின் சிசிலித் தீவுச் சுற்றுலாவுக்கு நானும் என் மனைவியும் வந்திருந்தோம். ஆளுக்கு 2,45,000 ரூபாய், வரி உட்பட. இரண்டு பேருக்கும் சேர்த்து 4,90,000 ரூபாயை ஜனவரியிலேயே கட்டிவிட்டோம். ஊர் திரும்பிய மறுநாள் குறைகளை வாட்ஸ்அப்பில் எழுதினேன். ‘சார், உங்க வசதிக்காகத்தான் கூடுதல் செலவு பண்ணி இந்திய உணவு ஏற்பாடு செஞ்சோம்’ என்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பதில் வந்தது. பக்கத்தில் கைகூப்பும் பொம்மை ஒன்று. அதைப் பார்த்த பிறகுதான் விவரமாக எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

நான் பால்கோவாக் கடை வைத்திருப்பவன். முப்பது வருஷமாகப் பால் காய்ச்சுகிறேன். ஐரோப்பாவைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. உங்கள் விளம்பரத் தாளில் ஐந்தாம் நாளுக்கு நேரே இருந்த ஒரு வரிக்காக வந்தேன்: ‘மலைக்கிராமத்து ஆட்டுப்பண்ணையில் அதிகாலையில் ரிக்கோத்தா காய்ச்சுவதைப் பார்த்து, சுடச்சுடச் சாப்பிடலாம்.’

அந்த வரி எனக்கு ஏன் பெரிது என்று உங்களுக்குப் புரியாமல் இருக்கலாம். கடையில் நாங்கள் பன்னீரும் போடுகிறோம். பன்னீர் எடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீரைக் குடம் குடமாகக் கீழேதான் ஊற்றுகிறோம். சிசிலிக்காரர்கள் அப்படி மிஞ்சும் தண்ணீரையே மறுபடி காய்ச்சி, அதிலிருந்து இன்னொரு பண்டம் எடுத்துவிடுகிறார்கள். ரிக்கோத்தா என்ற சொல்லுக்கே ‘மறுபடி காய்ச்சியது’ என்றுதான் அர்த்தம். நம் பன்னீர்த் தண்ணீரில் அது சரியாக வராது. நாம் பாலைக் கொதிக்கவிட்டு எலுமிச்சை பிழிவதால் புரதம் பெரும்பாலும் ஒரே தடவையில் திரண்டுவிடும். அவர்கள் வெதுவெதுப்பான பாலில் உறைபொருள் விட்டுப் பாலாடைக்கட்டி எடுக்கிறார்கள். கொஞ்சம் புரதம் தண்ணீரிலேயே தங்கிவிடும். அந்தத் தண்ணீரை 80 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் பஞ்சு மாதிரி மேலே மிதந்து வரும். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன். கண்ணால் பார்க்கவேண்டும், அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று வாசம் பிடிக்கவேண்டும், எந்த நேரத்தில் நெருப்பைக் குறைக்கிறார்கள் என்று கவனிக்கவேண்டும். அதற்குத்தான் பணம் கட்டினேன். ஏப்ரலைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான். மழைக்காலம் முடிந்து புல் பச்சையாக இருக்கும்போதுதான் அங்கே ஆட்டுப்பால் நன்றாக இருக்கும்.

ஐந்தாம் நாள் காலை ஆறரைக்கு அக்ரிஜெந்தோவில் பஸ் ஏறினோம். ‘மலை ரோடு அடைச்சிருக்காம்’ என்று உங்கள் குழு மேலாளர் மைக்கில் சொன்னார். பஸ் நேரே நெடுஞ்சாலையோரத்து மால் ஒன்றுக்குப் போய் நின்றது. கடை திறக்கவே நேரமிருந்தது. வாசலில் காத்திருந்து, உள்ளே போய், மொத்தம் நாலு மணி நேரம். நான் கைப்பை வாங்க வரவில்லை ஐயா. ரோடு எங்கே அடைத்திருக்கிறது என்று ஓட்டுநரிடம் சைகையில் கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கித் தலையை மேலே தூக்கினார். சிசிலியில் அப்படிச் செய்தால் ‘இல்லை’ என்று அர்த்தமாம், அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஆக, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பண்ணைக்கு முன்பணம் கட்டிய ரசீது இருந்தால் அதன் நகலை அனுப்புங்கள். இருந்தால் இந்தப் பத்தியை மன்னிப்போடு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அடுத்து, சாப்பாடு. உங்கள் தாளில் ‘ஏழு இரவும் உள்ளூர் உணவகங்களில்’ என்று இருக்கிறது. நடந்தது இதுதான்: கத்தானியாவில் மூன்று இரவும் ஒரே இந்திய உணவகம், பன்னீர் பட்டர் மசாலா, ஜீரா சாதம், குலாப் ஜாமூன். அக்ரிஜெந்தோவில் ஓட்டல்காரரிடம் அடுப்பைக் கேட்டு வாங்கி, சென்னையிலிருந்து கொண்டுவந்த பாக்கெட்டுகளை வெந்நீரில் போட்டுச் சூடாக்கிக் கொடுத்தார்கள். பலெர்மோவில் முதல் இரண்டு இரவும் மறுபடி பன்னீர். ஏழாவது இரவு ‘அவரவர் செலவில்’. பன்னீர் செய்து விற்கிறவனை ஏழாயிரம் கிலோமீட்டர் கூட்டிக்கொண்டுபோய்ப் பன்னீர் போட்டிருக்கிறீர்கள்.

குழுவில் பாதிப் பேர் சைவம், அவர்களுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது என்பது உங்கள் குழு மேலாளரின் சமாதானம். என் மனைவியும் சைவம்தான், முட்டைகூடத் தொடமாட்டார். நான் மீன், கறி சாப்பிடுவேன். ஆனால் மூன்று இரவு எங்களைத் தங்கவைத்தீர்களே கத்தானியா, அந்த ஊரின் பெயர்பெற்ற சாப்பாடே பொரித்த கத்தரிக்காயும் தக்காளியும் போட்ட பாஸ்தாதான். மேலே உப்பிட்டு உலர்த்திய ரிக்கோத்தாவைத் துருவிப் போடுவார்கள். கப்போனாத்தா என்று ஒன்று இருக்கிறது: கத்தரிக்காய், செலரித் தண்டு, ஆலிவ், அப்புறம் வினிகரும் சர்க்கரையும். நம் கத்தரிக்காய்க் கொத்சுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். 9ஆம் நூற்றாண்டில் அரபியர் தீவைப் பிடித்த பிறகு கரும்பும் எலுமிச்சையும் அங்கே வேரூன்றின. அந்தப் புளிப்பு-இனிப்புக்குப் பின்னால் அவ்வளவு கதை இருக்கிறது. சாப்பாட்டுச் சுற்றுலா என்றால் இதைத்தானே ஒருவர் வாயால் சொல்லி, தட்டில் வைத்துக் காட்டவேண்டும்?

மீன் சந்தை விஷயம் சின்னதுதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். கத்தானியா மீன் சந்தைக்கு எங்களை ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனீர்கள். ஞாயிறு அந்தச் சந்தைக்கு விடுமுறை. காலி மேடைகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

‘ஒவ்வொரு இடத்திலும் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி’ என்றும் அச்சடித்திருக்கிறீர்கள். எட்டு நாளில் ஒரே ஒருவர், மொன்ரியாலே பேராலயத்தில் மட்டும். மற்ற இடங்களில் உங்கள் குழு மேலாளர்தான். இத்தாலியில் வழிகாட்டிக்குத் தனி உரிமம் வேண்டும், குழுவோடு வருபவர் வழிகாட்டி வேலை செய்யக் கூடாது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சிரக்கூசாவில் ஒர்த்தீஜியாத் தீவின் பேராலயத்து வாசலில் நிறுத்தி, ‘பழைய சர்ச், அரை மணி நேரம், போட்டோ எடுத்துக்கலாம்’ என்றார். எந்தக் கோயிலுக்குப் போனாலும் தூணைத் தடவிப் பார்க்கும் பழக்கம் எனக்கு. பக்கச் சுவரில் பெரிய பெரிய கல்தூண்கள் பாதி உள்ளே, பாதி வெளியே பிதுங்கி நின்றன. உச்சியில் தட்டையான கல், உடம்பெல்லாம் நெடுக்குவாட்டில் வரிப்பள்ளம். கையை வைத்தேன், சில்லென்று இருந்தது. அது கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கட்டிய அதீனா கோயிலின் தூண், இடைவெளிகளைச் சுவர் வைத்து அடைத்துத்தான் தேவாலயமாக்கினார்கள் என்று ராத்திரி ஓட்டலில் போனில் படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல் அங்கே சாமி கும்பிடுகிறார்கள், நமக்கு அரை மணி நேரப் போட்டோ.

நல்லதையும் சொல்லவேண்டும். எட்னா எரிமலை நாளில் குறையில்லை. அன்று காலை ஓட்டுநர் தானாகவே ஒரு கடையில் நிறுத்தி, எங்கள் இருவருக்கும் பாதாம் கிரனீத்தாவும் (பனிக்கூழ் மாதிரி ஒன்று) பன்னும் தன் காசில் வாங்கிக் கொடுத்தார். மோதிக்காவில் சாக்லேட் பட்டறையில் இருந்த ஒரு மணி நேரத்துக்கு உண்மையிலேயே நன்றி. அதிகம் சூடேற்றாமல் செய்வதால் சர்க்கரை கரையாமல் பல்லில் நறநறக்கும். அதுதான் அதன் அழகு. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு 2018இல் புவிசார் குறியீடு கொடுத்தது. எங்கள் பால்கோவாவுக்கு 2019இல் கிடைத்தது. இதைப் பட்டறைக்காரரிடம் சைகையிலும் போனிலுமாகச் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படித்தான் எட்டு நாளும் இருக்கும் என்று நினைத்து வந்தேன்.

இனி முக்கியமான புகார். ஆறாம் நாள் பலெர்மோவில் ‘ஒரு சிசிலி வீட்டில் மூன்று மணி நேரச் சமையல் வகுப்பு’. நடந்தது ஓட்டல் அடித்தளத்தில், நாற்பது நிமிடம். ஒருவர் கத்தரிக்காய் நறுக்கிக் காட்டினார். கன்னோலி என்ற இனிப்பை ஏற்கெனவே நிரப்பி, குளிர்பெட்டியில் வைத்து எடுத்து வந்தார்கள். கன்னோலிக்கு உயிரே அதன் ஓடுதான். நல்ல கடையில் நீங்கள் கேட்ட பிறகுதான் ரிக்கோத்தாவை நிரப்புவார்கள், கடித்தால் நொறுங்கவேண்டும். எங்களுக்குத் தந்தது நமத்துப்போன அப்பளம் மாதிரி வளைந்தது. சரி, அதுகூடப் போகட்டும். ‘இது சைவம்தானே?’ என்று என் மனைவி கேட்டார். ‘ஸ்வீட்தானே மேடம், தாராளமா சாப்பிடுங்க’ என்றார் உங்கள் ஆள். சாப்பிட்டார்.

மறுநாள், அவரவர் செலவு என்று விட்ட சாயங்காலம், நாங்கள் இருவரும் பல்லாரோ சந்தைக்கு நடந்து போனோம். தமிழில் பேசிக்கொண்டு போனதைக் கேட்டு ஒருவர் திரும்பிப் பார்த்தார். ‘இந்தியாவில இருந்தோ வந்தனீங்கள், அண்ணை?’ யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருஷமாக அந்த ஊரில் சமையல் வேலை. பலெர்மோவில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ‘அக்கா மரக்கறியோ? அப்ப வாங்கோ’ என்று (மரக்கறி என்றால் அவர்கள் பேச்சில் சைவம்) ஒரு தள்ளுவண்டிக்குக் கூட்டிப்போனார். கடலை மாவைக் களி மாதிரிக் கிண்டி, ஆறவிட்டு, மெல்லிசாக நறுக்கி எண்ணெயில் போடுகிறார்கள். பெயர் பனெல்லே. எள் தூவிய ரொட்டிக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து கொடுத்தார்கள். வாயில் வைத்ததும் ‘நம்ம பஜ்ஜி மாவுங்க’ என்று என் மனைவி சிரித்துவிட்டார். அந்த ஏழு நாளில் அவர் சாப்பிட்டுச் சிரித்தது அப்போதுதான். பெல்லெகிரினோ மலையைக் காட்டி, அங்கே சாந்தா ரொசாலியா குகைக்கோயிலுக்கு நம் இந்துத் தமிழரும் ஏறிப் போய்க் கும்பிடுவார்கள் என்று அந்தத் தம்பி சொன்னார். ஒரு மணி நேரம் கூடவே நடந்தார், காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அவரிடம்தான் கன்னோலி பற்றிப் பேச்சு வந்தது. ‘அண்ணை, அந்தக் கோதுக்குள்ள பண்டிக் கொழுப்புச் சேர்க்கிறவை. எல்லா இடத்திலயும் எண்டு இல்லை. ஆனா மரக்கறிக்காரர் எண்டால் கேட்டுத்தான் சாப்பிட வேணும்’ என்றார். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விமானத்திலும் பேசவில்லை. ஊர் வந்ததும் குளித்து, ஆண்டாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் அடுப்பைத் தொட்டார்.

அந்த ஓட்டில் பன்றிக் கொழுப்பு இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. உங்கள் ஆளுக்கும் தெரியாது. தெரியாமல் ‘தாராளமா சாப்பிடுங்க’ என்றாரே, அதுதான் புகார். படிவத்தில் ‘சுத்த சைவம்’ என்று எழுதி வாங்கிக்கொண்டவர்கள் நீங்கள்.

நான் கேட்பது: நடக்காத பண்ணை, நடக்காத வகுப்பு, வராத வழிகாட்டிகள், ஆறு இரவுச் சாப்பாடு எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து 1,50,000 ரூபாய். பேருந்தும் விமானமும் சரியாகத்தான் ஓடின, தங்கிய அறைகளும் சுத்தம். அதனால்தான் முழுப் பணத்தைக் கேட்கவில்லை. அடுத்த தடவைக்கான தள்ளுபடிக் கூப்பன் வேண்டாம். இது தவிர, கன்னோலி விஷயத்துக்கு என் மனைவி பெயருக்கு எழுத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம். வாட்ஸ்அப்பில் அல்ல, தாளில்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வேண்டும். வராவிட்டால் எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவேன். ‘வழக்கு சென்னையில் மட்டுமே’ என்று உங்கள் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் பார்த்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட தொகைக்குக் கட்டணமும் இல்லை. நான் கட்டியது 4,90,000.

விளம்பரத் தாள், ரசீது, உணவு விருப்பப் படிவம், மால் வாசலில் காலை ஏழே முக்காலுக்கு எடுத்த படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். படத்தில் கடைக் கதவு மூடியிருப்பதும் நேரமும் தெரியும். பணத்தை முன்பதிவின்போது கொடுத்த அதே வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம்.

இப்படிக்கு,
11, 12ஆம் இருக்கைக்காரர்கள்