‘நல்லா பாத்துச் சொல்லுங்க’ என்றால் என்ன ஆகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சந்தேக நபரை வேறு சிலரோடு வரிசையில் நிறுத்திச் சாட்சியிடம் காட்டும் அடையாள அணிவகுப்பில் சாட்சிகள் தடுமாறுவது பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பயம், மறதி, பேரம் என்று மூன்று காரணங்களைச் சொன்ன கட்டுரையாளர், அணிவகுப்பை நடத்தும் விதத்தைத் தொடவே இல்லை. கோளாறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. சரிசெய்யக்கூடிய இடமும் அதுதான்.

1981-இல் மால்பாஸ், டிவைன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு வகுப்பறையில் திட்டமிட்டு ஒரு நாசவேலையை நடத்திக் காட்டினர். பிறகு, செய்தவன் இல்லாத வரிசை ஒன்றைச் சாட்சிகள் முன் நிறுத்தினர். ‘வரிசையில் அவன் இருக்கிறான்’ என்ற தொனியில் பேசியபோது 78 சதவீதம் பேர் அப்பாவி ஒருவரைக் காட்டினார்கள். ‘இருக்கலாம், இல்லாமலும் போகலாம்’ என்று சொன்னபோது அது 33 சதவீதமாகக் குறைந்தது. மாறியது ஒரு வாக்கியம்தான். சாட்சி பொய் சொல்வதில்லை; நிற்பவர்களில் யார் அதிகம் ஒத்துப்போகிறார் என்று பார்த்து, அவரையே காட்டிவிடுகிறார்.

1998-இல் வெல்ஸ், பிராட்ஃபீல்டு செய்த ஆய்வு இதைவிடச் சங்கடமானது. அதிலும் குற்றவாளி இல்லாத படவரிசைதான். தவறாகக் கைகாட்டியவர்களில் சிலரிடம் மட்டும் ‘சரியான ஆளைத்தான் காட்டினீர்கள்’ என்றார்கள். அதைக் கேட்டவர்கள் தங்கள் உறுதியை மட்டும் உயர்த்திச் சொல்லவில்லை. அன்று முகத்தை நன்றாகப் பார்த்ததாகவும் கூர்ந்து கவனித்ததாகவும் சொன்னார்கள். நீதிமன்றத்தில் ‘சத்தியமாக இவர்தான்’ என்று சாட்சி சொல்லும் அழுத்தம், அணிவகுப்பு முடிந்ததும் யாரோ தோளில் தட்டியதால் வந்ததாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் வட கரோலினாவில் ரொனால்டு காட்டன் ஏறக்குறைய பத்தரை ஆண்டு சிறையில் இருந்தது இப்படித்தான். முதலில் காட்டிய படங்களிலும் பின்னர் நேரில் நிறுத்திய வரிசையிலும் இருந்தவர் அவர் ஒருவர்தான். 1995-இல் டிஎன்ஏ பரிசோதனை அவரை விடுவித்தது.

இந்த ஆய்வுகள் எப்படிச் சட்டமாயின என்பது நம்மவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி. அமெரிக்க உளவியலாளர்கள் ‘மனித நினைவு நம்பத்தகாதது’ என்று புலம்பிக்கொண்டு நிற்கவில்லை. போலீஸார் கையில் கொடுக்க ஒரு நடைமுறையை எழுதினார்கள். 1998-இல் அவர்கள் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் நான்கே பரிந்துரைகள். சந்தேக நபர் யாரென்று தெரியாதவரே வரிசையை நடத்த வேண்டும். ‘இல்லாமலும் போகலாம்’ என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சந்தேக நபர் மட்டும் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. கைகாட்டியவுடன், யாரும் எதுவும் சொல்வதற்கு முன், எவ்வளவு உறுதி என்று சாட்சியின் சொந்த வார்த்தையில் எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு அமெரிக்க நீதி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டியில் முதல் பரிந்துரை மட்டும் இடம்பெறவில்லை. காவல், வழக்குத் தரப்புகள் இசையவில்லை. 2001-இல் நியூ ஜெர்சி மாநிலம் அதையும் ஏற்றது.

அவர்கள் சறுக்கிய இடமும் உண்டு. எல்லோரையும் ஒரே நேரத்தில் நிறுத்தாமல் ஒவ்வொருவராகக் காட்டுவதே மேல் என்று பலர் அழுத்திப் பேசினர். வட கரோலினா 2007-இல் அதைச் சட்டமாகவே எழுதிவிட்டது. ஆனால், அந்த முறையில் தவறான அடையாளம் குறைவதோடு சரியான அடையாளமும் குறைகிறது. இரண்டில் எது மேல் என்று சொல்லச் சான்று போதாது என 2014-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமியின் குழு சொன்னது. ஆய்வாளர் கட்டுரையைத் திருத்திக்கொள்ளலாம். சட்டத்தைத் திருத்துவது அவ்வளவு சுலபமா?

இங்கே என்ன நிலைமை? குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 54-வது பிரிவு, நீதிமன்றம் தகுந்ததெனக் கருதும் முறையில் அடையாளம் காணச் செய்யலாம் என்கிறது. எந்த முறை என்று பிரிவு சொல்லவில்லை. நம் அணிவகுப்பை நடத்துபவர் போலீஸ்காரர் அல்ல, மாஜிஸ்திரேட் என்பது நல்ல அம்சம். ஆனால், ஒத்த தோற்றமுள்ளவர்களைத் தேர்ந்து நிறுத்துபவர் அவரே என்பதால் சந்தேக நபர் யாரென்று அவருக்குத் தெரியும். மூன்றாவதாக நிற்கும் சந்தேக நபருக்கு முன் சாட்சி தயங்கும்போது ‘நல்லா பாத்துச் சொல்லுங்க’ என்று வாயில் வந்துவிட்டால் போதும், அது சாட்சிக்குக் குறிப்பாகிவிடும். வரிசையை அமைத்த பிறகு, சந்தேக நபர் யாரென்று தெரியாத நீதிமன்ற ஊழியர் ஒருவரைச் சாட்சியுடன் அனுப்பலாம். ஆள் இல்லையென்றால், மாஜிஸ்திரேட் சாட்சியின் கண்ணில் படாமல் பின்னால் நின்று, எழுதிவைத்த வாக்கியங்களை மட்டும் வாசிக்கலாம்.

வரிசை நியாயமானதா என்று பார்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. சம்பவத்தைப் பார்க்காத 20 பேரிடம் சாட்சி முதலில் சொன்ன அங்க அடையாளத்தையும் வரிசையின் புகைப்படத்தையும் கொடுங்கள். பத்துப் பேர் நிற்கும் வரிசையில் சந்தேக நபரை இரண்டு பேர் காட்டினால் சரி. ஒன்பது பேர் காட்டினால் வரிசையைக் கலைத்துவிட்டுப் புதிதாக நிறுத்த வேண்டும். தழும்பு இருந்தால் எல்லோருக்கும் அதே இடத்தில் பிளாஸ்திரி ஒட்டலாம்.

இவற்றை ஒரே தாளில் எழுதி உயர் நீதிமன்றத்திடம் கொடுக்க நம் உளவியல் துறைகளுக்கு என்ன தடை என்று புரியவில்லை. கருத்தரங்குத் தீர்மானங்களை மாஜிஸ்திரேட் யாரும் படிப்பதில்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அணிவகுப்பு முடியும்வரை கைதானவரின் முகத்தை அச்சிடாதீர்கள். காலையில் உங்கள் பக்கத்தில் அந்த முகத்தைப் பார்த்த சாட்சி, சிறை வளாகத்தில் நடக்கும் அணிவகுப்பில் அடையாளம் காட்டுவது குற்றவாளியையா, உங்கள் புகைப்படத்தையா என்று எந்த நீதிபதியாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
சட்ட உளவியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சி