சேகரிப்புக் கூடத்திலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். வான்கூவரில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தின் சேகரிப்புப் பராமரிப்புப் பிரிவிலிருந்து இம்மாதம் ஓய்வு பெறுகிறேன். பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையோரத் தொல்குடி மக்களின் முகமூடிகள், மரப்பேழைகள், போர்வைகள், கூடைகள் ஆகியவற்றைப் பழைய கிடங்கிலிருந்து எடுத்துப் புதிய கூடத்தில் முறைப்படி வைக்கும் பெரும்பணி முடிந்துவிட்டது. அப்பணிக்குக் கைகொடுத்த பலருக்கும் ஆங்கிலத்தில் தனித்தனியே எழுதிவிட்டேன். ஆயினும் உதவியவர்களுள் கணிசமானோர் தமிழர்கள். எதற்காக உதவுகிறோம் என்பதை முழுதாகக் கேட்டுக்கொள்ளாமலேயே உதவியவர்களும் அவர்களுள் உண்டு. அவர்களும் அவர்கள் வீட்டாரும் படிக்க வேண்டும் என்றே இதைத் தமிழில் எழுதுகிறேன்.

முதல் நன்றி, இப்பொருள்களுக்கு உரிய குடும்பங்களின் பெரியவர்களுக்கு. அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் பழைய கதை ஒன்றைத் தொட்டாக வேண்டும். இக்கரையோர மக்கள் பெயர் சூட்டுதல், திருமணம், பட்டமேற்றல், இறந்தோர் நினைவு ஆகியவற்றை ஊரார் முன்னிலையில் நடத்தி, சாட்சியாக வந்தவர்களுக்குப் பொருள் வழங்கும் பெருவிருந்தைப் பாட்லாட்ச் என்பர். கனடா அரசு 1885 முதல் 1951 வரை அதைச் சட்டப்படி குற்றமாக வைத்திருந்தது. 1921 டிசம்பரில், வில்லேஜ் ஐலண்ட் என்னும் தீவில் டான் கிரான்மர் என்னும் தலைவர் நடத்திய பாட்லாட்சுக்காக 45 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. முகமூடிகளையும் சடங்குப் பொருள்களையும் ஒப்படைத்துவிட்டால் சிறை இல்லை என்று பேரம் பேசப்பட்டது. அதற்கு இணங்காதவர்கள் சிறை சென்றார்கள். ஒப்படைக்கப்பட்டவை ஒட்டாவா, டொராண்டோ அருங்காட்சியகங்களுக்கு அனுப்பப்பட்டன. ஒரு பகுதியை நியூயார்க் சேகரிப்பாளர் ஜார்ஜ் ஹே விலைக்கு வாங்கிப் போனார். நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு, தனி அருங்காட்சியகம் கட்டினால்தான் திருப்பித் தருவோம் என்ற நிபந்தனையின் பேரில் ஒட்டாவா இறங்கிவந்தது. அம்மக்களின் ஊர்களான கேப் மட்ஜில் 1979இலும், அலர்ட் பேயில் உமிஸ்டா பண்பாட்டு மையம் என்ற பெயரில் 1980இலும் அக்கட்டடங்கள் எழுந்தன. உமிஸ்டாவில் அந்த முகமூடிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை; அத்தனை ஆண்டுகள் பூட்டப்பட்டிருந்தவற்றை மறுபடியும் பூட்டுவதில்லை என்று உரியவர்கள் முடிவு செய்தார்கள். தன் பொருளைத் திரும்பப் பெறக் கட்டடம் கட்டிக் காட்டு என்று உரிமையாளனிடமே கேட்ட அந்த நிபந்தனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

இப்படிப்பட்ட வரலாறு உள்ள குடும்பங்களிலிருந்துதான் பெரியவர்கள் எங்கள் கிடங்குக்கு வந்து, அலமாரி அலமாரியாக நின்று, எதை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். எந்த முகமூடி ஆட்டத்துக்கு வெளியே யார் கண்ணிலும் படக்கூடாது, எதன் படத்தைக் கணினிப் பதிவிலிருந்து மறைக்க வேண்டும், எந்தக் குடும்பத்தின் சின்னத்தை அக்குடும்பத்தின் இசைவின்றி அச்சிடக் கூடாது என்பதெல்லாம் எந்தப் பாடநூலிலும் இல்லாதவை. பழைய பதிவேடுகளில் பொருளை வாங்கியவர் பெயர் தவறாமல் இருக்கும். செதுக்கியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. செதுக்கிய கையின் பாணியைப் பார்த்தே இன்னார் குடும்பத்து வேலை என்று சொல்லி, பல வெற்றிடங்களை அவர்கள் நிரப்பினார்கள். எங்களிடம் வர அவர்களுக்கு எந்தக் கடமையும் இல்லை. கோபத்தோடு வந்தவர்களும் உண்டு. அந்தக் கோபத்தை அடக்காமலும் வேலையை நிறுத்தாமலும் அவர்கள் எங்களோடு இருந்தார்கள். அதற்காக அவர்களை வணங்குகிறேன்.

அடுத்து, நச்சுப் பரிசோதனை செய்து தந்த ஆய்வகத் தோழர்களுக்கு நன்றி. அந்துப்பூச்சியும் வண்டும் அரிக்காமல் இருக்க, சென்ற நூற்றாண்டில் அருங்காட்சியகங்கள் ஆர்செனிக், பாதரச உப்பு முதலியவற்றைத் தாராளமாகத் தூவின. கண்ணாடிக்குள் கிடக்கும்வரை அது யாருக்கும் தெரியவில்லை. உரியவர் கைக்குத் திரும்பி, ஒருவர் அதை முகத்தில் அணிந்து, மூச்சிரைக்க ஆடும்போதுதான் ஆபத்து. ஆகவே எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியைப் பொருளின் மேற்பரப்பை ஒட்டினாற்போல் பிடித்து, எந்தத் தனிமம் இருக்கிறது என்று பார்க்கிறோம். இதில் ஒரு சிக்கல் உண்டு. இம்மக்கள் உதட்டுக்கும் நாசிக்கும் பூசிய சிவப்பில், சீனத்திலிருந்து வணிகர் வழியே வந்த இங்குலிகம் கலந்திருப்பது வழக்கம். இங்குலிகமோ பாதரசமும் கந்தகமும் சேர்ந்த பொருள். கருவி பாதரசம் என்று காட்டும். அது ஓவியரின் வண்ணமா, காப்பாளர் தூவிய நஞ்சா என்று அதற்குத் தெரியாது. ஆகையால் முகமூடியைத் திருப்பி, வண்ணம் படாத உட்புற மரத்திலும், நெற்றி படியும் இடத்திலும், தோல்வாரிலும், தலைமுடி பொருத்திய விளிம்பிலும் தனித்தனியே அளந்து ஒப்பிட்டார்கள். அலுக்காமல், ஒவ்வோர் எண்ணுக்கும் என்ன பொருள் என்று குடும்பத்தாருக்குப் புரியும்படி விளக்கிச் சொன்னார்கள். அணியலாமா, கையுறையோடு தொட மட்டும் செய்யலாமா என்ற முடிவை அவர்களிடமே விட்டார்கள். அந்த அடக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இப்போது வான்கூவரை அடுத்த சர்ரேயில் வாழும் நம் அக்காமாருக்கு வருகிறேன். பழைய கிடங்கில் முகமூடிகள் இறுகிய பாலித்தீன் உறைகளில் இருந்தன. தூசும் பூச்சியும் அண்டாது என்ற வகையில் அது சரிதான். ஆனால் இவை உயிருள்ளவை, இவற்றுக்கு மூச்சு வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். வெளுக்காத பருத்தித் துணியில், சாயமும் கஞ்சியும் இல்லாமல், உலோகக் கொக்கியின்றி நாடா வைத்துத் தைத்த பைகள் ஏராளமாகத் தேவைப்பட்டன. கடையில் கிடைப்பவற்றின் அளவு சரிவரவில்லை. ஒரு பிறந்தநாள் விருந்தில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் உடனே, "சாமியை ஆராவது பொலித்தீன் பையுக்கை கட்டி வைப்பினமோ?" என்று கேட்டார். நான் இரண்டு பக்கத்துக்கு எழுதி நிர்வாகக் கூட்டத்தில் வாசித்த விளக்கத்தைவிட அது தெளிவாக இருந்தது. அதன்பின் பலர் வீட்டுத் தையல் இயந்திரங்கள் ஓடின. துணியை முன்கூட்டியே வெந்நீரில் அலசிச் சுருங்கவிட்டு, தையலை உள்மடிப்பில் மறைத்து, அலகு நீண்ட பறவை முகமூடிகளுக்கு ஒருபக்கம் கூம்பாக வெட்டித் தைத்துக் கொடுத்தீர்கள். உள்ளே வரப்போவதன் படத்தைக் காட்ட எங்களுக்கு அனுமதி இல்லை என்றபோது ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அளவு மட்டும் சொன்னால் போதும் என்றீர்கள். பைகளைப் பார்த்த பெரியவர் ஒருவர் யார் தைத்தது என்று கேட்டார்; சொன்னேன். உங்களுக்குத் தம் நன்றியைச் சேர்ப்பிக்கும்படி கேட்டுக்கொண்டார், இதோ சேர்ப்பித்துவிட்டேன்.

தச்சுக்கூடத்து நண்பர்களுக்கும், வார இறுதிகளில் பழைய பதிவு அட்டைகளைக் கணினியில் ஏற்றிய மாணவர்களுக்கும், சுமையுந்தைக் குழி குலுங்காமல் ஓட்டிய ஓட்டுநர்களுக்கும் நன்றி.

என் துறையினருள் ஒரு சாராருக்குத் தனியே ஒரு நன்றி உண்டு: கெடாமல் காப்பதே எங்கள் தொழில் என்று பயின்று வந்தும், சில பொருள்களைக் கெட விடுவதே முறை என்று ஒப்புக்கொண்டவர்கள் இவர்கள். இக்கரையோரத்து ஹைஸ்லா மக்களின் கிப்ஸ்கோலக்ஸ் கம்பம், அதாவது உருவங்கள் செதுக்கிய நெடுமரம், 1929இல் வெட்டி எடுக்கப்பட்டு ஸ்வீடன் போயிற்று. அதை அம்மக்கள் திருப்பிக் கேட்டபோது, தட்பவெப்பம் கட்டுப்படுத்திய கட்டடத்தில் வைத்துக் காப்பதாக உறுதி வேண்டும் என்றது அங்குள்ள அருங்காட்சியகம். கம்பம் தன் காலம் முடிந்து சாய்ந்து மண்ணோடு மண்ணாவதே ஹைஸ்லா மரபு. பல ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு 2006இல் அது திரும்பி வந்தது. அந்த நிகழ்வைப் படித்த காலத்தில் எங்கள் பிரிவுக்குள்ளேயே கடும் வாக்குவாதம் நடந்தது. அந்த வாதத்தில் மனம் மாறியவர்கள்தான், பின்னாளில் பூச்சிகளைக் கொல்லப் பொருளை மைனஸ் 30 டிகிரியில் உறையவைக்கும் முன் குடும்பத்தாரைக் கேட்க வேண்டும் என்று விதியாகவே எழுதினார்கள்.

கனடாவில் இவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்று எல்லா அருங்காட்சியகங்களையும் கட்டாயப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் இன்றும் இல்லை. அமெரிக்காவில் 1990 முதல் அரசு நிதி பெறும் அருங்காட்சியகங்களுக்கு அப்படி ஒன்று இருக்கிறது. இங்கே ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே கேட்டு, பேசி, காத்திருக்க வேண்டியிருக்கிறது. இக்கரையோரத்து நூஹால்க் மக்கள் தங்கள் கம்பம் ஒன்றை விக்டோரியா நகர அருங்காட்சியகத்திலிருந்து தங்கள் ஊரான பெல்லா கூலாவுக்கு 2023இல் மீட்டுச் செல்ல நீதிமன்றம்வரை போக நேர்ந்தது. ஆகவே எங்கள் கூடத்தில் அடுக்கி வைத்தவை இனி அங்கேயே இருக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். நீங்கள் தைத்த பைகளில் சில, உள்ளிருப்பவற்றோடு சேர்ந்தே ஊர் திரும்பும். பையைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று பதிவேட்டில் குறித்திருக்கிறேன். இன்னும் ஒரு கட்டுத் துணி என் வீட்டில் இருக்கிறது. தைக்க விருப்பமுள்ளவர்கள் அக்காவிடம் சொல்லுங்கள். பெரிய பேழைகளுக்கு உறை இன்னும் தேவைப்படுகிறது.

நன்றியுடன்,
உங்கள் தோழி,
வான்கூவர்