ரெனே பெயரின் தலைக்கோடு

புதுச்சேரி,
அக்டோபர் கடைசி வாரம்

அன்புள்ள ரெனே,

உன் மெயில் வந்து ஒன்பது நாளாகிறது. அதில் ஏழு நாள் அதைத் திறக்காமலே போட்டு வைத்திருந்தேன். அனுப்பியவர் பெயர் வர வேண்டிய இடத்தில் சமக்குறியும் கேள்விக்குறியும் எண்ணுமாக ஒரு வரி. லாட்டரி விழுந்தது, ஏடிஎம் கார்டு முடங்கியது என்று தினம் வருகிற கூட்டத்தில் இதுவும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். எட்டாம் நாள்தான் சப்ஜெக்ட் கண்ணில் பட்டது. 'முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது' என்று அட்சரம் பிசகாமல் தமிழில். எந்தத் திருடன் எனக்கு முட்டி ஆபரேஷன் சேதி அனுப்பப் போகிறான்? திறந்தேன், நீ.

தங்கச்சி இப்போது வாக்கர் இல்லாமல் நடக்கிறாளா? மாடிப்படி வேண்டாம் என்று சொல். மஞ்சக்குப்பத்து வீட்டில் படி செங்குத்தாக இருக்கும், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

போனில் நீ ஒன்று கேட்டாய், பதில் சொல்வதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது. "பெரியவனுக்கு அனுப்பினால் என் பெயர் ஒழுங்காகப் போகுதே, உனக்கு மட்டும் ஏன் கிறுக்கலா வருது?" அதோடு, "விடு, இனிமே கோடில்லாமலே போட்டுக்கறேன்" என்றும் சொன்னாய். உன் பெயரின் கடைசி எழுத்துக்கு மேல் சாய்ந்து நிற்கிற சின்னக் கோட்டைச் சொல்கிறாய். அந்த இரண்டாவது வாக்கியம்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சாவுக் கார்டு ராத்திரியை மறந்துவிட்டாயா?

மிஷன் வீதி அச்சகத்தில் உன் பக்கம் பிரெஞ்சு கேஸ், என் பக்கம் தமிழ் கேஸ், ஈய எழுத்துகளை அறை அறையாகப் பிரித்து வைத்த மரத்தட்டுகள். பிரெஞ்சில் யாராவது செத்தால் முதலில் தீர்வது கோடு போட்ட அந்த 'இ' எழுத்துதான். 'தெசெதே' என்ற ஒரே சொல்லுக்கு மூன்று வேண்டும். அன்றைக்கு அறுபது வரிக் கார்டு, பாதியிலேயே அறை காலி. இடப்பக்கம் சாய்ந்த கோடு உள்ளதை எடுத்துக் கோத்து ஒப்பேற்றினாய். ப்ரூஃப் பார்க்க வந்த பெரியவர் கண்ணாடியைக் கூடப் போடவில்லை. ஈரக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, "தம்பி, எங்க அண்ணனுக்குக் கோடு இந்தப் பக்கம் சாயும்" என்று கையைச் சரித்துக் காட்டினார். நீ ராத்திரி ஒரு மணிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டை அச்சகத்துக்குப் போய் இருபது எழுத்து கடன் வாங்கி வந்தாய். அந்த ரெனேதான் இப்போது தன் பெயரிலேயே கோட்டை விட்டுவிடுகிறேன் என்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மெயிலின் மூலத்தைத் திறந்து பார்த்தேன். நம் தொழிலை வைத்தே சொன்னால் உனக்கு உடனே புரியும்.

மெயிலில் தலை வேறு, உடல் வேறு. யாரிடமிருந்து, யாருக்கு, எதைப் பற்றி, என்றைக்கு, இதெல்லாம் தலை. உடலுக்குச் சிக்கல் இல்லை. எந்தக் கேஸிலிருந்து எடுத்துக் கோத்தது என்று தலையிலேயே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். படிக்கிற கம்ப்யூட்டர் சீட்டைப் பார்த்து அதே கேஸை இழுத்துக்கொள்ளும். ஆனால் தலைக்கு எங்கே சீட்டு ஒட்டுவது? 1982-இல் எழுதின விதிப்படி தலையில் ஆஸ்கி மட்டும்தான், அதாவது 0 முதல் 127 வரை 128 அறை கொண்ட ஒரே கேஸ். ஆங்கிலேயன் கேஸ் அது, கோடு போட்ட எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. பிரெஞ்சுக்காரன் பயன்படுத்திய லத்தீன்-1 கேஸில் உன் பெயரின் கடைசி எழுத்து 233-ஆம் அறை. 127-ஐத் தாண்டியதால் தலைக்குள் அதற்கு இடமில்லை.

இதற்கு 1992 ஜூனில் கீத் மூர் என்பவர் ஒரு வழி எழுதினார். 1996-இல் திருத்தி வெளியான ஆர்எஃப்சி 2047 என்ற இணைய விதிதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. யோசனை எளிது: தலைக்குள் ஆஸ்கி தவிர வேறு எதையும் விடாதே, ஆனால் சீட்டையும் சரக்கையும் ஆஸ்கியிலேயே பொட்டலம் கட்டு. முதலில் சமக்குறி, கேள்விக்குறி. பிறகு கேஸின் பெயர். இன்னொரு கேள்விக்குறி. கட்டிய முறைக்கு கியூ அல்லது பி என்று ஒரே எழுத்து. மறுபடி கேள்விக்குறி, அப்புறம் சரக்கு, முடிவில் கேள்விக்குறி, சமக்குறி. கியூ முறையில் உன் பெயர் ஆர், இ, என் வரை அப்படியே வரும்; கடைசி எழுத்து மட்டும் '=இ9' ஆகும், 233-ஐப் பதினாறின் கணக்கில் எழுதினால் அதுதான். எனக்கு வந்த கிறுக்கல் இந்தப் பொட்டலம்தான், பிரிக்காமல் அப்படியே.

ஏன் பிரிக்கவில்லை? உன் தம்பி மகன் போட்டுக் கொடுத்த அந்தப் பழைய புரோகிராம் பொட்டலத்துக்கு இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டிருக்கிறது. மேற்கோள் குறிக்குள் பொட்டலம் இருக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. குறிக்குள் உள்ளதை அப்படியே காட்ட வேண்டும், பிரிக்கக் கூடாது. பெரியவன் வைத்திருக்கும் மெயில் பெட்டி, போனால் போகிறது என்று பிரித்துக் காட்டிவிடுகிறது. என் கடையில் உள்ளது நம் பழைய போர்மேனைப் போல, விதி என்றால் விதி. சப்ஜெக்டுக்கு யாரும் மேற்கோள் குறி போடுவதில்லை, அதனால்தான் முட்டி ஆபரேஷன் மட்டும் தப்பித்து வந்தது. ஆக, உன் பெயரிலும் கோளாறு இல்லை, கோட்டிலும் இல்லை. புரோகிராமை மாற்று, போதும்.

உன்னுடையதாவது பிரிக்காத பொட்டலம். தெரேஸ் பாட்டி கதை இதைவிட மோசம். குருசுக்குப்பத்துச் சொல்தா வீட்டம்மா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரின் மனைவி, தொண்ணூறை நெருங்கிவிட்டார். உயிரோடு இருக்கிறேன் என்று வருஷா வருஷம் பிரான்சுக்குச் சான்று அனுப்ப வேண்டுமே, அதை நான்தான் ஸ்கேன் எடுத்து அனுப்புகிறேன். அந்தப் பெயரில் இரண்டு கோடு, ஒன்று வலம் சாயும், ஒன்று இடம் சாயும். மொத்தம் ஏழு எழுத்து. எல்லா மொழிக்கும் பொதுவான யூடிஎஃப்-8 முறையில் கோடு போட்ட ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு பைட், அதாவது 0 முதல் 255 வரையுள்ள எண் இரண்டு. வலம் சாய்வதற்கு 195, 169. அதை லத்தீன்-1 என்று நினைத்துப் படிக்கிறவனுக்கு 195-இல் அலைக்கோடு போட்ட ஒரு 'ஏ' தெரியும், 169-இல் காப்புரிமை வட்டம். இங்கே சரக்கு இருக்கிறது, சீட்டுதான் பொய்.

பதில் மெயிலில் பாட்டியின் பெயர் ஒன்பது எழுத்தாக வந்தது. நான் அதற்கே பதில் தட்ட, அங்கேயுள்ள ஏதோ ஒன்று ஒன்பதையும் மறுபடி யூடிஎஃப்-8 ஆக்கி மறுபடி தப்பாகப் படித்தது. பதின்மூன்று. அடுத்த சுற்றில் இருபத்தொன்று. கோடு போட்ட எழுத்து ஒவ்வொன்றும் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று குட்டி போட்டுக்கொண்டே போகிறது. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் அதை அப்படியே எடுத்து விலாசச் சீட்டில் ஒட்டித் தபாலில் அனுப்பிவிட்டார். தபால்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கோடு நம்ம தெரேஸ் அம்மாவுக்குத்தான் இருக்கும்" என்று கொடுத்துவிட்டுப் போனாராம். உறையைப் பாட்டி என்னிடம் காட்டி, "எனக்கு இத்தனை பட்டம் எப்ப கொடுத்தாங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை.

பிரெஞ்சுக்கென்று சொன்னேனே, அந்த லத்தீன்-1 கேஸிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது தெரியுமா? ஓவும் இயும் ஒட்டிப் பிறந்த அந்த எழுத்தை 1987-இல் விட்டுவிட்டார்கள். ஸ்டேஷன் பக்கத்தில் உன் கல்யாணம் நடந்த கோயிலை எடுத்துக்கொள். 'சக்ரே கேர்' என்பதில் சக்ரேயை எழுதலாம், கேரை எழுத முடியாது. 1999-இல் லத்தீன்-9 என்று புதுக் கேஸ் செய்தபோதுதான் அதற்கு 189-ஆம் அறை கிடைத்தது. முன்பு அந்த அறையில் குடியிருந்தது 'அரை' என்ற பின்னக்குறி. சீட்டு மாறிப் படித்தால் கேர் நடுவில் ½ வந்து உட்காரும். இருதய ஆண்டவருக்கு அரை இருதயம்! பங்குச் சாமியாரிடம் சொன்னேன், அவர் ரசிக்கவில்லை.

நம் தமிழ் மட்டும் என்ன, சொகுசாகவா இருந்தது? பாமினியில் அடித்துக் கொடுத்த கல்யாணப் பத்திரிகை அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில உளறலாக விரியும். இன்றும் பழைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு யாராவது வருகிறார்கள், மாற்றிக் கொடுக்கிறேன். யூடிஎஃப்-8-இல் தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், எல்லாமே 224-இல் ஆரம்பிக்கும். லத்தீன்-1 கேஸில் 224 எது தெரியுமா? இடம் சாய்ந்த கோடு போட்ட பிரெஞ்சு 'ஆ'. அதனால்தான் தமிழ் உடைந்தால் திரை முழுக்க அந்த எழுத்தாகக் கொட்டுகிறது. நம் ஊரைப் பற்றி நீயும் நானும் என்னவெல்லாம் வாய்கிழியப் பேசியிருக்கிறோம், இந்தப் பொருத்தம் நமக்குத் தெரியாமல் போயிற்று.

தமிழுக்குக் கியூ முறை கட்டுப்படியாகாது. ஒரு பைட்டுக்கு மூன்று குறி, ஆக ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது. பி முறையில் மூன்று பைட்டுக்கு நான்கு குறி, நமக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. உன் சப்ஜெக்டும் அப்படித்தான் வந்திருந்தது. அதில் ஒரு வேடிக்கை பார்த்தேன். தமிழில் எந்த எழுத்தில் சொல்லைத் தொடங்கினாலும் பொட்டலத்தின் முதல் மூன்று குறி மாறவே மாறாது: 4, கே, 6. முட்டிக்கும் அதே, புதுச்சேரிக்கும் அதே. இப்போதெல்லாம் பிரிக்காத வரி வந்து நின்றால் முதலில் இதைத்தான் தேடுகிறேன். 4, கே, 6 இருந்தால் நம் ஆள்.

ஒரு பொட்டலம் 75 குறியைத் தாண்டக் கூடாது. சீட்டுக்குப் போக மிச்சத்தில் தமிழ்க் குறி பதினைந்துதான் அடங்கும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் கணக்கு, 'புதுச்சேரி'க்கே பத்து போய்விடும். நீளமான பெயரை இரண்டு பொட்டலமாகக் கட்டும்போது எழுத்தின் நடுவில் வெட்டக் கூடாது. வெட்டுகிற புரோகிராம்களும் இருக்கின்றன. அப்போதுதான் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி முளைக்கிறது. பொட்டலமே இல்லாமல் தலைக்குள் நேராக யூடிஎஃப்-8 எழுதலாம் என்று 2012-இல் விதி வந்துவிட்டது. ஆனால் வழியில் உள்ள மெயில் சர்வர்கள் எல்லாம் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஒன்றை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். கடை வைத்த புதிதில், வம்பு வேண்டாம் என்று எல்லார் பெயரிலும் கோட்டை எடுத்துவிட்டுத்தான் அடித்தேன். அந்திரேக்களுக்கும் எலேன்களுக்கும் பிரான்சுவாக்களுக்கும் நானே மொட்டை போட்டேன். பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. பாஸ்போர்ட்டில் கோடு, மெயிலில் கோடில்லை என்று ஒருத்தருக்கு மூன்று மாதம் இழுத்த பிறகுதான் அந்தப் பழக்கத்தை விட்டேன். அதனால் உன்னை அதட்ட எனக்குத் தகுதி இல்லை, இருந்தாலும் அதட்டுகிறேன்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு வருவாய் அல்லவா? அம்மா கல்லறையில் எழுத்துக்குக் கறுப்பு மை தீட்ட ஆள் சொல்லி வைத்திருக்கிறேன். போன வருஷம் வந்த பையன் கோடுகளை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டப் பார்த்தான், இந்தத் தடவை நீ பக்கத்தில் நில். மழை இருந்தால் பஸ்ஸில் வா, வண்டி எடுக்காதே. லேப்டாப்பையும் சார்ஜரையும் கையோடு கொண்டு வா. புது புரோகிராமை நானே ஏற்றி, பெயரையும் நானே அடித்துத் தருகிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பு. படி ஏற வேண்டாம் என்று மறுபடி சொல்.

உன்,
தமிழ் கேஸ்காரன்