தொட்டிக் கல்லின் பெயரையும் எழுதி விற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் மீனுக்குப் பெயர் உண்டு, ரகம் உண்டு, ஜோடி விலை உண்டு. அதே கடையில் மூட்டையில் கிடக்கும் கல்லுக்கு மட்டும் நிறம்தான் பெயர்: வெள்ளைக் கல், கறுப்புக் கல், கலர் கல். மீன் தொட்டி வைப்பவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். தண்ணீரின் தன்மையையே மாற்றிவிடும் சுண்ணாம்பு கல்லில் இருக்கிறதா இல்லையா என்பதை நிறம் காட்டிக்கொடுக்காது.

சமையல் மேடைக்குப் போட்டது போக மிஞ்சிய கடப்பா கல் துண்டைத் தொட்டிக்குள் குகை மாதிரி அடுக்கி வைக்கும் வழக்கம் சென்னை வீடுகளில் உண்டு. கறுப்பாக, கனமாக இருப்பதால் அதையும் கருங்கல் என்றே நினைக்கிறார்கள். கடப்பா கல் சுண்ணாம்புக்கல். எலுமிச்சைச் சாறு சிந்திய இடத்தில் மேடை மங்கிப்போவதே அதற்குச் சாட்சி. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லோ சார்னோகைட் என்ற வேறு இனம். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே இனம் என்பதால் வந்த பெயர் அது. இதில் கரையும் சுண்ணாம்பு இல்லை, தொட்டிக்கு நல்லது. ஆனால் கட்டடம் நடக்கும் இடத்திலிருந்து எடுத்து வந்தால் ஒட்டியிருக்கும் சிமென்ட் தண்ணீரின் காரத்தை ஏற்றிவிடும்.

வெள்ளைக் கூழாங்கல்லிலும் இதே குழப்பம்தான். ஒன்று சுண்ணாம்பு இல்லாத குவார்ட்ஸ், இன்னொன்று உருட்டி மெருகேற்றிய மார்பிள், அதாவது சுண்ணாம்பு உள்ள கல். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். இரும்பு ஆணியால் அழுத்திக் கீறிப் பாருங்கள். மார்பிளில் பள்ளம் விழுந்து வெள்ளைத் தூள் உதிரும். குவார்ட்ஸில் கீறல் விழாது, ஆணியின் இரும்புதான் சாம்பல் கோடாகப் படியும். மீன் தொட்டிக்குள் நீர்ச்செடி வளர்ப்பவர்கள் விரும்பி வாங்கும் செய்ரியு கல்லிலும் பெரும்பாலும் சுண்ணாம்பு இருக்கும். டிராகன் கல், லாவா கல், ஸ்லேட் இவற்றால் அந்தத் தொல்லை இல்லை. மெரினா மணலில் சிப்பித்தூள் கலந்திருக்கும், வேண்டாம். பவளத்துண்டு விற்றால் வாங்கவே கூடாது, கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை.

சுண்ணாம்பு கரைந்தால் என்ன ஆகும்? தண்ணீரின் கடினத்தன்மையும், அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவும் ஏறும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் நஞ்சாக நிற்கும் பங்கு, 28 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 இருக்கும்போது 1 சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் 6 சதவீதத்தைத் தாண்டும். கழிவின் அளவு கூடவே இல்லை, ஆனால் நஞ்சு ஏறக்குறைய பத்து மடங்கு. மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், காற்று போதவில்லை என்று நினைத்து மோட்டாரை மாற்றுவார்கள். கல்லை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதற்காகச் சுண்ணாம்புக்கல் எல்லாத் தொட்டிக்கும் ஆகாது என்றும் சொல்ல முடியாது. மோலி, கப்பி, மலாவி ஏரி சிக்லிட் வைத்திருப்பவர்களுக்கு அது உதவியே. நியான் டெட்ரா, டிஸ்கஸ் வைப்பவர்கள்தான் விலக்க வேண்டும்.

வினிகர் சொட்டி, நுரைத்தால் சுண்ணாம்பு என்று பார்க்கும் சோதனை பலருக்கும் தெரியும், பலர் அதைத் தப்பாகச் செய்கிறார்கள். காய்ந்த கல்லின் துளைகளிலிருந்து காற்று வெளியேறினாலும் குமிழ் வரும், அதை நுரை என்று நினைக்கக் கூடாது. முதலில் வெறும் தண்ணீர் சொட்டிப் பாருங்கள். பிறகு மேல்தோலைச் சுரண்டி, உள்ளிருந்து வரும் தூளின் மேல் வினிகரை விடுங்கள். வினிகர் வலுவில்லாத அமிலம். டோலமைட் என்ற, மக்னீசியம் கலந்த சுண்ணாம்பு இனக் கல் முழுத்துண்டாக இருந்தால் அதற்கு அசையாது, தூளாக்கினால்தான் மெல்லப் பொங்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரே ஒரு சொட்டு போதும். வீட்டுக்கு வெளியே, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் இருக்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

இதைவிட நம்பகமானது வாளிச் சோதனை. கல்லைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்ப்பதுதான் அது. இதைப் போர்வெல் தண்ணீரில் செய்தால் ஏமாற்றும். அந்தத் தண்ணீர் ஏற்கெனவே கடினமானது, அதில் கல் கரைவது தெரியாது. போதாததற்கு, புதிதாக இறைத்த தண்ணீரில் கரைந்துள்ள கரியமில வாயு வெளியேறும்போது பி.எச். தானாகவே ஏறும், பழி கல்மேல் விழும். இரண்டு வாளிகளில் 5 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி, ஒன்றில் மட்டும் நன்றாகத் தேய்த்துக் கழுவிய கல் 1 கிலோ போட்டு, இரண்டையும் மூடி வையுங்கள். திறந்து வைத்தால் தண்ணீர் ஆவியாகி அளவு பொய்யாகும். தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் 7 நாள் தினமும் பாருங்கள். முதல் நாள் சற்று ஏறி நின்றுவிட்டால் அது ஒட்டியிருந்த தூசும் உப்பும். நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் கல் கரைகிறது. சாயமேற்றிய கலர் கல்லில் நிறம் இறங்குவதும் இந்த வாளியிலேயே தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தச் சோதனைகளை நம்பிவிட முடியாது. பச்சை அல்லது நீலக் கறை, பித்தளை மினுமினுப்பு உள்ள கற்களில் உலோகத் தாது இருக்கலாம். செம்பு மிகக் குறைந்த அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொல்லும். அப்படிப்பட்ட கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொட்டிக்கு வேண்டாம்.

கழுவுவதற்கு சோப்பு கூடாது. கல்லை அடுப்பில் கொதிக்க வைப்பதும் ஆபத்து. உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகிக் கல் தெறிக்கலாம். பிரஷ்ஷால் தேய்த்துச் சுடுதண்ணீர் ஊற்றினால் போதும். பழைய நைலான் துணியால் கல்லைத் தடவிப் பாருங்கள், அது சிக்கும் இடத்தில் மீனின் துடுப்பும் சிக்கும்.

கருங்கல் தண்ணீரைப்போல் 2.7 மடங்கு எடை. மணலின் மேல் அடுக்கினால், தோண்டும் பழக்கமுள்ள சிக்லிட் அடியைப் பறித்துவிடும், கல் சரிந்து கண்ணாடி உடையும். அடிக்கண்ணாடியில் மெல்லிய ஃபோம் ஷீட் விரித்து, முதலில் கல், பிறகு மணல். ஒட்ட வேண்டுமானால் பூஞ்சைத் தடுப்பு மருந்து சேராத, வினிகர் வாசம் வரும் சிலிக்கான் பசை. குறைந்தது 48 மணி நேரம் காய வேண்டும்.

கடைக்காரர்களைச் சோதனைக்கூடம் வைக்கச் சொல்லவில்லை. வெள்ளை மூட்டையின் மேல் 'மார்பிள்' அல்லது 'குவார்ட்ஸ்' என்று ஒரு வார்த்தை எழுதி வைத்தால் போதும். மோலி வளர்ப்பவர் முன்னதை எடுப்பார், டெட்ரா வளர்ப்பவர் அடுத்த மூட்டைக்குப் போவார்.

இப்படிக்கு,
வாசகர்,
வில்லிவாக்கம், சென்னை.